சொட்டு மருந்தா, லேசரா? திறந்த கோணக் கிளாக்கோமா சிகிச்சையில் ஓர் ஐம்பதாண்டு விவாதம்

கிளாக்கோமா இருப்பதாகப் புதிதாகக் கண்டறியப்பட்ட ஒருவருக்கு எந்தச் சிகிச்சையை முதலில் தருவது? சொட்டு மருந்தா, லேசரா, அறுவையா? கடந்த ஐம்பது ஆண்டுகளில் கண் மருத்துவம் இந்தக் கேள்விக்குத் தந்த விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1980-களில் லேசருக்கு நடுவில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. மருந்து கைவிட்ட பிறகு, அறுவைக்குப் போவதற்கு முன் செய்து பார்க்கலாம் என்றார்கள். 1990-களில் ஒரு பெரிய ஆய்வு, முதலிலேயே லேசர் செய்தாலும் கெடுதல் இல்லை என்று காட்டியது. மருத்துவர்களில் பெரும்பாலோர் அதன் வழியில் போகவில்லை. 2022-இல் பிரிட்டனின் தேசிய வழிகாட்டு நெறிமுறை, புதிய நோயாளிகளுக்கு லேசரையே முதலில் பரிந்துரைக்கச் சொன்னது.

ஒவ்வொரு விடையும் எந்தச் சான்றின்மேல் நின்றது, எங்கே தளர்ந்தது என்பதை வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கிளாக்கோமாவில் இழந்த பார்வையை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது. மீட்க முடியாத பார்வையிழப்புக்கு உலக அளவில் முதன்மைக் காரணமும் இந்த நோய்தான். ஆகவே எதை முதலில் செய்வது என்பது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அல்ல.

நோயும் வடிகாலும்

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. ஐரிசுக்குப் பின்னாலிருக்கும் சிலியரி திசு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வரை அதைச் சுரக்கிறது. அந்த நீர் கண்ணின் பாவை வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியும் ஐரிசும் சந்திக்கும் கோணத்தில் இருக்கும் சல்லடைத் திசுவின் ஊடே ஷ்லெம் கால்வாய்க்குள் இறங்கி, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஐரிஸ் முன்னே வந்து சல்லடையை மறைத்துவிட்டால் அது மூடிய கோணக் கிளாக்கோமா. கோணம் திறந்தே இருந்தும் சல்லடைத் திசு தூர்ந்துபோய், மண்டி அடைத்த காபி பில்டரில் டிகாக்‌ஷன் இறங்கத் திணறுவது போல நீர் வடியத் திணறினால் அது திறந்த கோணக் கிளாக்கோமா. ஊறும் அளவுக்கு வடிகால் இல்லாதபோது கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் பல ஆண்டுகளாகப் பார்வை நரம்பின் இழைகளை அரிக்கிறது. வலி இருக்காது, கண் சிவக்காது. ஓரப் பார்வை முதலில் போவதால், வெகுகாலம் நோயாளிக்கே தெரியாது.

கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பது இயல்பு என்பார்கள். இந்த எல்லை தோராயமானது. இதற்குள் அழுத்தம் இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டு. இதைத் தாண்டியும் நரம்பு கெடாதோர் உண்டு. இருந்தாலும் நம்மால் மாற்றக்கூடிய காரணி அழுத்தம் ஒன்றுதான். அதைக் குறைத்தால் நோய் உண்மையிலேயே தாமதப்படுகிறதா என்ற ஐயமே 2002 வரை முழுதாகத் தீரவில்லை. சுவீடனில் புதிதாகக் கண்டறியப்பட்ட 255 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சிகிச்சை தந்து, மறு பிரிவைச் சிகிச்சையின்றிக் கவனித்த ஆய்வு அந்த ஆண்டு வெளியானது. சிகிச்சை பெற்றோரில் 45 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 62 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது. ஒவ்வொரு மில்லிமீட்டர் அழுத்தக் குறைவும் நோய் முற்றும் அபாயத்தை ஏறத்தாழ 10 விழுக்காடு தணிக்கிறது என்று அதே தரவு காட்டியது. அங்கே தரப்பட்ட சிகிச்சை பீட்டாக்சலால் சொட்டு மருந்தும் ஆர்கான் லேசரும் சேர்ந்தது. கிளாக்கோமாவுக்குச் சிகிச்சை பயன்படும் என்பதை நிலைநாட்டிய ஆய்விலேயே லேசருக்குப் பாதிப் பங்கு இருந்தது பலருக்கு நினைவில் இல்லை.

துளையிடப் போய்ச் சுட்டது

1960-இல் தியோடோர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டிய சில ஆண்டுகளுக்குள் கண் மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துவிட்டார்கள். ஒளியை உள்ளே விடும் உறுப்பு கண் என்பதால், கீறாமலே உள்ளே வேலை செய்யும் வாய்ப்பு இதில் இருந்தது. கிளாக்கோமாவில் முதலில் எழுந்த எண்ணம் நேரடியானது: சல்லடை அடைத்திருக்கிறது, ஒளியால் துளை போடுவோம். 1973-இல் மாஸ்கோவின் மிகயீல் கிராஸ்னோவ், ரூபி லேசரால் கோணத்தில் துளையிட்ட அனுபவத்தை வெளியிட்டார். அழுத்தம் இறங்கியது, ஆனால் நிலைக்கவில்லை. இட்ட துளைகளைத் திசு மூடிக்கொண்டது.

அடுத்த ஆண்டு வந்த செய்தி இந்தத் துறையையே தயங்க வைத்தது. அமெரிக்காவில் காஸ்டர்லேண்டும் குப்ஃபரும் ரீசஸ் குரங்குகளின் சல்லடைத் திசுவை ஆர்கான் லேசரால் திரும்பத் திரும்பச் சுட்டபோது, அவற்றுக்குக் கண் அழுத்தம் ஏறிக் கிளாக்கோமாவே வந்துவிட்டது. நோயைத் தீர்க்கும் என்று நம்பிய கருவி நோயை உண்டாக்கவும் வல்லது என்று அப்போது தெளிவானது. இன்றும் ஆய்வகங்களில் குரங்குகளுக்குக் கிளாக்கோமாவை உண்டாக்கும் முறைகளில் இது ஒன்று. அளவு மீறினால் சல்லடை வடுவாகிவிடும் என்ற அந்தப் பாடம், பின்னர் லேசரைத் திரும்பச் செய்யலாமா என்ற விவாதம் முழுவதிலும் நிழலாகத் தொடர்கிறது.

1979-இல் ஜேம்ஸ் வைசும் ஸ்டான்டன் விட்டரும் துளையிடும் எண்ணத்தையே கைவிட்டார்கள். 50 மைக்ரான் அகலமுள்ள சூட்டுப் புள்ளிகளை, ஒவ்வொன்றும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், வட்டம் முழுக்க ஏறக்குறைய நூறு இடங்களில் சீராக இட்டார்கள். துளை எதுவும் விழாமலே அழுத்தம் குறைந்தது. ஆர்கான் லேசர் டிரபெகுலோபிளாஸ்டி என்ற சிகிச்சை பிறந்தது இப்படித்தான். அது பரவிய காலத்தைக் கவனிக்க வேண்டும். டிமோலால் சொட்டு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1978-இல்தான். அதற்கு முந்தைய நூற்றாண்டு முழுவதும் கையில் இருந்த முதன்மை மருந்து பைலோகார்பின். பாவையைச் சுருக்கிப் பார்வையை மங்கச் செய்யும், ஒரு நாளில் பல முறை விட வேண்டும். மறுபக்கம், 1968-இல் கெய்ர்ன்ஸ் வகுத்த டிரபெகுலெக்டமி அறுவை அழுத்தத்தை நன்றாகக் குறைத்தாலும் தொற்று, அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குதல், கண்புரை என்று தன் அபாயங்களோடு வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே லேசருக்கு ஓர் இடம் காலியாக இருந்தது.

ஏன் வேலை செய்கிறது?

லேசர் பயன்படுவது கண்கூடு. எப்படிப் பயன்படுகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மூன்று விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன.

வைசின் விளக்கம் பொறியியல் வகையைச் சேர்ந்தது. சுட்ட இடத்தில் கொலாஜன் இழைகள் சுருங்குகின்றன. நூறு இடங்களில் சுருங்கும்போது சல்லடை வளையம் உள்நோக்கி இழுபட்டு, சுடாத இடங்களில் இடைவெளிகள் விரிகின்றன. கேட்கத் தெளிவான இந்த விளக்கத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. சுருக்கம் உடனே நிகழும், அழுத்தமோ சில வாரங்கள் கழித்தே முழுமையாக இறங்குகிறது.

1980-களின் இறுதியில் ஓரிகனில் டெட் அகாட் குழுவினர் உயிரணுக்களை நோக்கித் திரும்பினார்கள். லேசர் பட்ட சல்லடையில் உயிரணுப் பிரிவு தூண்டப்படுவதையும், சுட்ட இடங்களுக்குப் புதிய உயிரணுக்கள் நகர்ந்து வருவதையும் கண்டார்கள். மூன்றாவது விளக்கம் அதன் தொடர்ச்சி: லேசருக்குப் பின் சல்லடையில் ஸ்ட்ரோமெலைசின் போன்ற நொதிகள் கூடுவது தெரியவந்தது. உயிரணுக்களுக்கு இடையே படிந்த தேவையற்ற பொருளை இந்த நொதிகள் கரைக்கின்றன. காயத்தின் அழைப்புக்கு வரும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் எச்சங்களை அப்புறப்படுத்துகின்றன என்ற கருத்தும் இதோடு சேர்ந்தது. சுட்டது கண்ணின் பராமரிப்புப் பணியைத் தூண்டிவிட்டது என்பதே இவற்றின் சாரம்.

மூன்றில் எது சரி என்று முடிவாகச் சொல்லிவிட முடியாது. ஆர்கான் லேசரில் மூன்றும் கலந்திருக்கலாம். ஆனால் இரண்டாவது, மூன்றாவது விளக்கங்கள் உண்மையானால் ஒரு கேள்வி தானாக எழுகிறது: உயிரணுக்களைத் தூண்டுவது போதும் என்றால், திசுவைச் சுட வேண்டிய தேவை என்ன? அடுத்த தலைமுறை லேசர் இந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

முதல் பெரிய சோதனை

அதற்கு முன் ஆர்கான் லேசரே தன் தேர்வை எழுதியது. 1980-களில் அமெரிக்காவில் நடந்த கிளாக்கோமா லேசர் சோதனையில் புதிதாகக் கண்டறியப்பட்ட 271 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் முதலில் லேசர், மற்ற கண்ணில் முதலில் டிமோலால். இரண்டு ஆண்டு முடிவில், லேசர் மட்டுமே போதுமானதாக இருந்த கண்கள் 44 விழுக்காடு. டிமோலால் மட்டுமே போதுமானதாக இருந்தவை 30 விழுக்காடு. 1995-இல் வெளியான நீட்சி ஆய்வில் 203 பேரின் கண்களைப் பார்த்தபோது, லேசரை முதலில் பெற்ற கண்களில் அழுத்தம் 1.2 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்திருந்தது. பார்வைப் பரப்பும் 0.6 டெசிபல் மேலாக இருந்தது.

எண்கள் லேசருக்குச் சாதகம். அப்படியிருந்தும் நடைமுறை மாறவில்லை. அதற்கான காரணங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவை எல்லாம் வெறும் பழக்கப் பிடிவாதம் அல்ல.

ஆய்வின் அமைப்பிலேயே ஒரு பலவீனம் இருந்தது. ஒரு கண்ணில் விட்ட டிமோலால் இரத்தத்தில் கலந்து மறு கண்ணின் அழுத்தத்தையும் ஓரளவு குறைக்கும். லேசர் கண்ணின் வெற்றியில் மருந்தின் பங்கும் கலந்திருக்கலாம் என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட இயலாது. அடுத்தது பலன் நிலைக்காதது. ஆர்கான் லேசர் செய்த கண்களில் ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதி மீண்டும் கட்டுப்பாட்டை இழந்தன என்றும், பத்தாண்டு கடந்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே தாக்குப்பிடித்தன என்றும் பின்தொடர் ஆய்வுகள் காட்டின. சல்லடையில் வடு விழுவதால் மீண்டும் செய்வது பலன் குறைந்தது, அபாயம் கூடியது. குரங்குகளில் கண்டது எல்லோர் நினைவிலும் இருந்தது. மூன்றாவது காரணம் காலத்தின் விபத்து என்றே சொல்லலாம். நீட்சி ஆய்வு வெளிவந்த அடுத்த ஆண்டே, 1996-இல், லட்டானோபிராஸ்ட் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளுக்கு ஒரே சொட்டு. டிமோலாலை விட அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைத்தது. ஆஸ்துமா நோயாளிகளுக்கு டிமோலால் தரும் ஆபத்தும் இதில் இல்லை. லேசர் எந்த எதிராளியை வென்றதோ, அந்த எதிராளியே களத்திலிருந்து போய்விட்டார்.

ஏறத்தாழ அதே காலத்தில் நடந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, மருந்துக்கு அடங்காத முற்றிய நிலையில் லேசரை முதலில் செய்வதா, டிரபெகுலெக்டமியை முதலில் செய்வதா என்று கேட்டது. ஏழாண்டுப் பின்தொடர்வில் கறுப்பின நோயாளிகளுக்கு லேசரில் தொடங்கிய வரிசையும், வெள்ளை இன நோயாளிகளுக்கு அறுவையில் தொடங்கிய வரிசையும் பார்வையைக் கூடுதலாகக் காத்தன. ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

நிறமியைத் தேடும் ஒளி

1983-இல் தோல் மருத்துவத் துறையில் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். நிறமியுள்ள இலக்கின் மேல், வெப்பம் அக்கம்பக்கம் பரவ எடுக்கும் நேரத்தைவிடக் குறுகிய ஒளித்துடிப்பைப் பாய்ச்சினால், இலக்கு மட்டும் சூடேறும். சுற்றியுள்ள திசு தப்பிக்கும். மெலனின் நிறமிக்கு அந்த நேரம் ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி. சல்லடைத் திசுவிலும் மெலனின் சுமக்கும் உயிரணுக்கள் உண்டு. பாஸ்டனில் மார்க் லட்டினா இந்த இரண்டையும் இணைத்தார். 1995-இல் ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில், நிறமியுள்ளவற்றை மட்டும் தாக்கி மற்றவற்றை விட்டுவிட முடியும் என்று பார்க்குடன் சேர்ந்து காட்டினார். 1998-இல் நோயாளிகளிடம் பெற்ற முடிவுகளை வெளியிட்டார். 2001-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தேர்ந்து தாக்கும் லேசர் டிரபெகுலோபிளாஸ்டி என்று பொருள்படும் எஸ்எல்டி என்ற பெயரில் இன்று கண் மருத்துவமனைகளில் நடப்பது இதுதான்.

இரண்டு லேசர்களுக்கும் உள்ள வேறுபாட்டை அளவுகளே சொல்லும். ஆர்கானின் புள்ளி 50 மைக்ரான், எஸ்எல்டியின் புள்ளி 400 மைக்ரான். பரப்பில் 64 மடங்கு. ஆர்கான் சுடும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு. எஸ்எல்டி துடிப்பு 3 நானோ நொடி, அதாவது மூன்று கோடி மடங்குக்கும் மேல் குறுகியது. ஒரு துடிப்பின் ஆற்றலோ 1 மில்லிஜூலை ஒட்டியே இருக்கும். 2001-இல் கிரேமரும் நோக்கரும் தானமாகப் பெற்ற மனிதக் கண்களில் இரண்டையும் செய்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆர்கான் பட்ட இடத்தில் குழியும், உருகிச் சுருண்ட இழைகளும் இருந்தன. எஸ்எல்டி பட்ட இடத்தில் சல்லடையின் கட்டமைப்பு பெரும்பாலும் குலையாமல் இருந்தது.

செய்யும் முறை எளிது. நோயாளி தாடையை ஸ்லிட் லேம்ப் கருவியின் தாங்கியில் வைத்து அமர்கிறார். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, சாய்ந்த கண்ணாடி பதித்த லென்ஸை ஜெல் தடவி மருத்துவர் கண்மேல் பொருத்துகிறார். நேராகப் பார்த்தால் தெரியாத கோணம் அந்தக் கண்ணாடியில் தெரிகிறது. அதில் பழுப்புக் கோடாகச் சல்லடை. செந்நிறக் குறியொளியை அதன்மேல் நிறுத்தி மிதியை அழுத்தினால் பச்சை ஒளி ஒரு கணம் வெட்டுகிறது. பட்ட இடத்தில் நுண்ணிய குமிழிகள் எழுந்தால் ஆற்றலைச் சற்றுக் குறைத்து, குமிழி எழுந்தும் எழாத அளவில் வைத்துத் தொடர்கிறார். வட்டம் முழுக்க ஏறக்குறைய நூறு துடிப்புகள், சில நிமிடங்கள். கட்டுப் போடுவதில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். சில நாள் உறுத்தலும் லேசான அழற்சியும் இருக்கக்கூடும். சிலருக்கு முதல் சில மணி நேரத்தில் அழுத்தம் ஏறும். அதைத் தடுக்க முன்பின்னாக ஒரு சொட்டு மருந்து விடுவது வழக்கம். கோணத்தில் நிறமி மிகுதியாகப் படிந்தவர்களுக்கு இந்த ஏற்றம் ஆபத்தான அளவுக்குப் போகலாம் என்பதால் அவர்களுக்கு எஸ்எல்டியைத் தயங்கியே செய்ய வேண்டும்.

அழுத்தத்தைக் குறைப்பதில் எஸ்எல்டி ஆர்கானை விஞ்சவில்லை. கனடாவின் கரீம் டாம்ஜி குழு 1999-இலும் 2006-இலும் ஒப்பிட்டபோது இரண்டும் சமமாகவே இருந்தன. எஸ்எல்டியின் அனுகூலம் வேறிடத்தில் இருக்கிறது: வடு விடாததால், பலன் தேய்ந்தபின் மீண்டும் செய்ய முடியும்.

லைட் ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் கஸ் கஸார்ட் தலைமையில் பிரிட்டனின் ஆறு மருத்துவமனைகளில் நடந்த லைட் ஆய்வின் முடிவு 2019-இல் லான்செட் இதழில் வந்தது. இதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாத 718 பேர். கிளாக்கோமா உள்ளவர்களோடு, நரம்பு கெடாமல் அழுத்தம் மட்டும் ஏறியவர்களும் அதில் கணிசமாக இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு முதலில் எஸ்எல்டி, மற்றதற்கு முதலில் சொட்டு மருந்து. மூன்று ஆண்டு முடிவில் லேசர் பிரிவில் 74.2 விழுக்காட்டினர் ஒரு சொட்டு மருந்துகூட இல்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். டிரபெகுலெக்டமி அறுவை தேவைப்பட்டவர்கள் மருந்துப் பிரிவில் 11 பேர், லேசர் பிரிவில் ஒருவரும் இல்லை. ஆறாண்டு முடிவுகளில் இந்தப் போக்கு தொடர்ந்தது: 69.8 விழுக்காடு கண்கள் மருந்தோ அறுவையோ இன்றி இருந்தன. நோய் முற்றிய கண்கள் லேசரில் 19.6, மருந்தில் 26.8 விழுக்காடு, டிரபெகுலெக்டமி செய்த கண்கள் 13-க்கு 32. ஐரோப்பியக் கிளாக்கோமா சங்கத்தின் 2020 வழிகாட்டி எஸ்எல்டியைத் தொடக்கச் சிகிச்சைகளில் ஒன்றாகச் சேர்த்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 ஜனவரியில் அதை முதல் சிகிச்சையாக்கியது.

ஆய்வாளர்கள் முதன்மையாக அளக்கப் புறப்பட்டது இவற்றை அல்ல, நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை. அதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பயன்படுத்திய பொதுவான உடல்நலக் கேள்வித்தாள் கிளாக்கோமாவின் தொடக்கநிலை இடர்களை உணரும் கூர்மை கொண்டதல்ல என்ற விளக்கம் நியாயமாகவே படுகிறது. ஆனாலும் முதன்மை அளவீட்டில் வேறுபாடு இல்லை என்பதை லேசர் ஆதரவாளர்கள் மறைக்கலாகாது. பங்கேற்றவர்களில் பெரும்பான்மையோர் தொடக்கநிலையில் இருந்த வெள்ளை இனத்தவர் என்பதும் ஒரு வரம்பு.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே

இதைவிடக் கடுமையான கேள்வி அதே பிரிட்டனிலிருந்து வந்தது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து மையங்களில் வழக்கமான மருத்துவத்தில் எஸ்எல்டி பெற்ற 831 கண்களின் பதிவேடுகளைத் திரட்டியது. வெற்றி ஆறு மாதத்தில் 70 விழுக்காடு, ஓராண்டில் 45, இரண்டாண்டில் 27. லைட் ஆய்வின் எண்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பவர் ஒரே சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறோமா என்று திகைப்பார்.

இரண்டையும் இணைத்துப் புரிந்துகொள்ள வழி இருக்கிறது. பதிவேட்டுக் கண்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே மருந்தில் இருந்தவை. அழுத்தம் முன்பே குறைந்திருக்கும் கண்ணில் லேசர் மேலும் குறைப்பது குறைவு. தொடக்க அழுத்தம் எவ்வளவு உயர்வோ அவ்வளவு பலன் என்பது ஏறத்தாழ எல்லா ஆய்வுகளும் ஒத்துக்கொள்ளும் விதி. வெற்றி என்பதற்கு இரண்டு ஆய்வுகளும் வைத்த வரையறையும் வேறு. லைட் ஆய்வில் மீண்டும் லேசர் செய்வது திட்டத்திலேயே இருந்தது. இவற்றைக் கழித்த பிறகும், ஆய்வுக்குள் தேர்ந்த கைகள் பெறும் பலன் அன்றாட மருத்துவத்தில் முழுதாகக் கிடைக்காது என்ற உண்மை எஞ்சுகிறது.

எதிர்த் திசையில் ஒரு சான்று தான்சானியாவிலிருந்து வந்தது. கிளிமஞ்சாரோ பகுதியின் மோஷி நகர மருத்துவமனையில் ஹைக்கோ ஃபிலிப்பின் குழு 201 நோயாளிகளிடம் எஸ்எல்டியையும் டிமோலாலையும் ஒப்பிட்டது. பலருக்கு நோய் முற்றியிருந்தது. 2021-இல் வெளியான முடிவின்படி ஓராண்டில் வெற்றி லேசரில் 61, மருந்தில் 31 விழுக்காடு. ஒப்பிடப்பட்டது பழைய மருந்தாகிய டிமோலால் என்பது இதன் குறை. ஆனால் அந்த ஊர் நோயாளிக்குக் கைக்கெட்டும் மருந்தும் அதுதான் என்பதை மறக்கக் கூடாது.

சொட்டு மருந்துக்கு ஆதரவான வாதம் எல்லாம், அந்த மருந்து தினமும் கண்ணுக்குள் விழுகிறது என்ற எடுகோளின்மேல் நிற்கிறது. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மருந்தை இலவசமாகக் கொடுத்து, எப்போது அழுத்தப்பட்டது என்று பதிவுசெய்யும் மின்னணுக் கருவியும் கொடுத்தார்கள். கண்காணிக்கப்படுவது நோயாளிகளுக்குத் தெரியும். அப்படியும் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் நான்கில் மூன்று வேளைக்கும் குறைவாகவே மருந்து விட்டார்கள். வலியோ மங்கலோ இல்லாத நோய்க்கு, கண்ணைச் சிவக்க வைத்து எரிய வைக்கும் மருந்தை, விடாமல் இருபது முப்பது ஆண்டு விடச் சொல்கிறோம். வாதத்தால் கை நடுங்கும் முதியவர் சிறு குப்பியைத் தலைக்குமேல் பிடித்து அழுத்தும்போது பாதி கன்னத்தில் வழிகிறது. இதில் நோயாளியைக் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஆர்கான் காலத்தில் கேட்கப்பட்டது எது அழுத்தத்தை அதிகம் குறைக்கும் என்பது. இப்போது கேட்கப்படுவது நோயாளியின் வீட்டில் எது தாக்குப்பிடிக்கும் என்பது. லேசர் முன்னுக்கு வந்ததற்குக் கருவியின் முன்னேற்றத்தைவிடக் கேள்வியில் வந்த இந்த மாற்றமே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு பொருந்தும்?

அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைப் பரிசோதித்து 2003-இல் வெளியிட்ட கணக்கில், திறந்த கோணக் கிளாக்கோமா 1.7 விழுக்காட்டினருக்கு இருந்தது. அவர்களில் 93 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணோ இரு கண்ணுமோ பார்வை போயிருந்தது. சென்னைக் கிளாக்கோமா ஆய்வு அதே நோயைக் கிராமத்தில் 1.62 விழுக்காட்டினரிடமும் நகரத்தில் 3.51 விழுக்காட்டினரிடமும் கண்டது. இந்தியா முழுவதும் 40 வயதுக்கு மேல் குறைந்தது 1 கோடியே 12 லட்சம் பேருக்கு ஏதோ ஒரு வகைக் கிளாக்கோமா இருக்கும் என்பது 2010-இல் வெளியான மதிப்பீடு.

மாதந்தோறும் மருந்து வாங்கும் செலவும், மருத்துவமனைக்குப் போய்வரும் நாள்கூலி இழப்பும் இங்கே எஸ்எல்டியின் பக்கம் தராசைச் சாய்க்கின்றன. தராசின் மறுதட்டிலும் எடை உண்டு. நோய் இங்கே பெரும்பாலும் பிந்தியே தெரியவருகிறது. முற்றிய நிலையில் எஸ்எல்டி தரும் அழுத்தக் குறைவு போதாமல் போகலாம். முற்றிய நிலையில் வருவோருக்கு மருந்தையும் டிரபெகுலெக்டமியையும் ஒப்பிட்ட பிரிட்டனின் 2021 ஆய்வு, அறுவை அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைக்கிறது என்று காட்டியது. தவிர, மூடிய கோண வகை நம்மிடையே ஐரோப்பாவைவிடக் கூடுதல். அதற்குச் செய்யும் லேசர் ஐரிசில் சிறு துளையிடுவது. எஸ்எல்டியோடு அதற்குத் தொடர்பில்லை. "எனக்கு லேசர் பண்ணியாச்சு" என்று சொல்பவரிடம் எந்த லேசர் என்று கேட்டே ஆக வேண்டும். கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் இரண்டில் எதையும் தீர்மானிக்க இயலாது.

தீராத கேள்விகள்

யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்மிடம் தொடக்க அழுத்தத்தைத் தவிர நம்பகமான அடையாளம் இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எஸ்எல்டி போதிய பலன் தருவதில்லை. இயல்பான அழுத்தத்திலேயே நரம்பு கெடுவோருக்கு அது எவ்வளவு உதவும் என்பதும் தெளிவாகவில்லை.

எத்தனை முறை செய்யலாம்? பலன் தேயும்வரை காத்திருந்து செய்வதா, குறைந்த ஆற்றலில் ஆண்டுக்கொருமுறை செய்வதா? இத்தாலியிலிருந்து வந்த தரவுகள் இரண்டாவது முறையில் மருந்தில்லாக் காலம் நீள்வதாகக் கூறின. கோஸ்ட் என்ற சோதனை இதை முறையாக ஆராய வகுக்கப்பட்டது. லேசருக்குப் பின் அழற்சியைத் தணிக்கும் மருந்து தரலாமா என்பதிலும் இழுபறி இருந்தது. அழற்சியே பலனுக்குக் காரணம், தடுக்கக் கூடாது என்போர் இருந்தனர். 2019-இல் வந்த சால்ட் ஆய்வில், சில நாள் அழற்சியைத் தணிக்கும் மருந்து பெற்றவர்களுக்கு 12 வார முடிவில் அழுத்தம் கூடுதலாகவே குறைந்திருந்தது.

லென்ஸ் வைக்காமல், கருவிழியின் ஓரத்துக்கு வெளியிலிருந்தே இரண்டு மூன்று நொடிகளில் நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகளைத் தானாகப் பாய்ச்சும் கருவி இஸ்ரேலில் மைக்கேல் பெல்கின் குழுவால் உருவாகியிருக்கிறது. தேர்ந்த மருத்துவர் அரிதான ஊர்களுக்கு இது பெரிதும் உதவலாம். நீண்டகாலச் சான்று இனிமேல்தான் சேர வேண்டும்.

இன்றைய சான்றின்படி, கோணம் திறந்திருந்து, நிறமி மிகுதி இல்லாமல், நோய் தொடக்க நிலையிலோ நடு நிலையிலோ இருப்பவருக்கு எஸ்எல்டியை முதல் வாய்ப்பாகவே முன்வைக்க வேண்டும். மருந்து தோற்கும்வரை காத்திருக்கச் சொல்வதற்கு இப்போது வலுவான காரணம் இல்லை. முற்றிய நோய்க்கு அதை மட்டும் நம்பி இருப்பது சரியல்ல. நாற்பதைக் கடந்தவர்கள், குறிப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா உள்ளவர்கள், ஒருமுறையாவது கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் இருப்பது தெரிந்தால், கோணம் திறந்ததா மூடியதா, லேசர் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லேசர் செய்துகொண்டவர்கள், மருந்து இல்லாமலே அழுத்தம் சீராக இருந்தாலும், பரிசோதனைத் தேதிகளை ஆயுள் முழுக்கத் தவறவிடாதீர்கள். பலன் எப்போது தேயத் தொடங்கியது என்பதை அந்தப் பரிசோதனையில் மட்டுமே அறிய முடியும்.